புக்கெட்டிலிருந்து ஃபி ஃபி தீவுகளுக்கு ஸ்பீட் போட் டிரிப்: எதில் ஏறலாம், எதை விட்டுவிடலாம்

தாய்லாந்தின் புக்கெட் தீவில் பத்தடிக்கு ஒரு டூர் கவுன்ட்டர். எதில் போய் நின்றாலும் முதலில் கையில் கொடுப்பது ஃபி ஃபி தீவுகளின் நோட்டீஸ்தான். காலையில் ஹோட்டலுக்கே வேன் வரும். ஸ்பீட் போட்டில் ஏற்றிப்போய் ஐந்தாறு இடம் காட்டி, மதியச் சாப்பாடு போட்டு, மாலைக்குள் திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். அந்தமான் கடலில் இதைவிட எளிதாக வாங்கக்கூடிய டிரிப் வேறில்லை. ஏமாறுவதும் இதில்தான் அதிகம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். காலை ஆறரை, ஏழு மணிக்குள் கரையை விட்டுக் கிளம்பும் போட், முப்பது பேருக்கு மேல் ஏற்றாத போட், நான்கு அல்லது ஐந்து இடத்தோடு நிறுத்திக்கொள்ளும் டிரிப். இந்த மூன்றும் அமைந்தால் கொடுத்த காசு வீணாகாது. ஒன்பது மணிக்குக் கிளம்பி எட்டு இடம் காட்டுகிறேன் என்று சொல்லும் மலிவு டிரிப்பில் நீங்கள் அதிகமாகப் பார்க்கப்போவது மற்ற போட்டுகளின் பின்புறத்தைத்தான். கம்பெனியின் பெயரோ, போட்டின் பளபளப்போ, நோட்டீஸில் உள்ள படமோ இந்த மூன்று விஷயத்துக்கு அடுத்தபடிதான்.

யாரிடம் வாங்குகிறீர்கள்

கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவருக்கும் போட் ஓட்டுபவருக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருக்காது. அவர் கமிஷன் ஏஜென்ட். ஹோட்டல் ரிசப்ஷன், கடற்கரைக் கவுன்ட்டர், ஆன்லைன் ஆப் மூன்றும் ஒரே போட்டில் உள்ள ஒரே சீட்டை மூன்று விலைக்கு விற்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் உங்களைவிட ஐநூறு பாட் (தாய்லாந்து நாணயம்) குறைவாகக் கொடுத்திருப்பார். அதனால் விலையைப் பேசுவதற்கு முன் போட்டை இயக்குவது எந்தக் கம்பெனி, எந்தத் துறையிலிருந்து கிளம்புகிறது, எத்தனை மணிக்குப் படகு நகர்கிறது என்று கேளுங்கள். பிக்கப் நேரத்தை மட்டும் சொல்லி நழுவுவார்கள். ஆறு மணிக்குப் பிக்கப் என்றால் ஆறு மணிக்குக் கிளம்பும் டிரிப் என்று நம் ஆட்கள் நினைத்துக்கொள்கிறார்கள். புக்கெட்டின் மேற்குக் கரையில் படோங்கிலோ கட்டாவிலோ தங்கியிருந்தால், கிழக்குக் கரையில் இருக்கும் மரினாவுக்கு (படகுத்துறைக்கு) வழியில் நாலு ஹோட்டலில் ஆள் ஏற்றிக்கொண்டு போய்ச் சேரவே ஒரு மணி நேரம் ஆகிவிடும். அங்கே பெயர் பதிவு, கையில் பட்டை, காபி பிஸ்கட், கைடின் விளக்கம் என்று இன்னொரு முக்கால் மணி நேரம். ஆறு மணிப் பிக்கப் எட்டு மணிக் கிளம்பலாக மாறுவது இப்படித்தான்.

விலையில் கவனிக்க வேண்டியது தேசியப் பூங்காக் கட்டணம். ஃபி ஃபி தீவுகள் 1983இல் அறிவிக்கப்பட்ட ஹாட் நொப்பரத் தாரா, மூ கோ ஃபி ஃபி தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. வெளிநாட்டவருக்குப் பெரியவர் 400 பாட், சிறுவர் 200 பாட். இது டிக்கெட்டில் அடக்கமா, தனியா என்று எழுதி வாங்குங்கள். மலிவாகத் தெரியும் டிரிப்புகளில் பாதிக்குப் பாதி இது அடக்கமில்லாதவை. படகுத்துறையில் ரொக்கமாகக் கேட்பார்கள். நால்வர் குடும்பத்துக்கு அங்கேயே 1200, 1600 பாட் கூடிவிடும், அப்புறம் மலிவு எங்கே? நீரில் மிதந்தபடி கீழே பார்ப்பதற்கான ஸ்நார்கெல் மாஸ்க் பொதுவாக இலவசம். காலில் மாட்டும் ஃபின்ஸுக்குத் தனி வாடகை, டெபாசிட் என்று கேட்பார்கள். லைஃப் ஜாக்கெட் போட்டு மிதக்கப்போகிறவருக்கு ஃபின்ஸ் தேவையே இல்லை. பழக்கமில்லாதவர் அதைப் போட்டு உதைத்தால் பவளம்தான் உடையும். துறையில் நீங்கள் இறங்கும்போதே ஒருவர் படம் எடுப்பார். மாலையில் அதைச் சட்டத்தில் போட்டு வைத்து நீட்டுவார். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், வாங்கியே தீரவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

பதிவு செய்யும்போது பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரும் எண்ணும் கேட்டால் கொடுங்கள். பயணிகள் பட்டியலுக்கும் காப்பீட்டுக்கும் அதுதான் ஆதாரம். பெயரே கேட்காமல் “நாலு பேர், ஓகே” என்று எழுதிக்கொள்ளும் ஏஜென்ட்டை விட்டு விலகிவிடுவது நல்லது. சுற்றுலா உரிம எண் ரசீதில் அச்சாகியிருக்க வேண்டும்.

மாயா விரிகுடாவும் கடிகாரமும்

இந்த டிரிப்பின் உயிர் மாயா விரிகுடா. ஆள் குடியில்லாத ஃபி ஃபி லே தீவில், மூன்று பக்கமும் சுண்ணாம்புப் பாறை செங்குத்தாக எழுந்து நிற்க, நடுவில் கைப்பிடியளவு மணல். 2000இல் வந்த ஒரு ஹாலிவுட் படம் இதை உலகத்துக்கே காட்டிவிட்டது. ஒருநாளைக்கு ஐயாயிரம் பேர்வரை வந்து குவிந்தார்கள், போட்டுகள் மணல்வரை வந்து நங்கூரம் போட்டன, பவளம் நாசமானது. 2018 ஜூனில் பூட்டினார்கள். மூன்றரை வருஷம் கழித்து 2022 ஜனவரியில் திறந்தபோது விதிகள் மாறியிருந்தன. போட் இனி விரிகுடாவுக்குள் நுழைய முடியாது. தீவின் பின்பக்கம் லோ சமா விரிகுடாவில் உள்ள மிதவைத் துறையில் இறங்கி, மரப்பாதை வழியாகத் தீவைக் குறுக்கே நடந்துதான் மணலுக்கு வரவேண்டும். ஒரு சுற்றுக்கு 375 பேர், ஒரு மணி நேரம் என்று அளவு வைத்தார்கள். கடலில் நீந்தக் கூடாது. முழங்கால் அளவுக்குத்தான் இறங்கலாம். காவலர்கள் விசிலோடு நிற்கிறார்கள், ஊதவும் செய்கிறார்கள்.

நோட்டீஸில் “மாயா பேயில் நீச்சல்” என்று இன்னும் போட்டிருந்தால் அது பழைய நோட்டீஸ், அல்லது பொய். இந்தத் தடையால் குறை ஒன்றும் இல்லை. மூடியிருந்த காலத்தில் பவளம் நட்டார்கள். கருந்துடுப்புச் சுறாக் குட்டிகள் கரையோரம் திரும்ப வந்துவிட்டன. காலையில் கூட்டம் சேரும் முன் போனால் முழங்கால் தண்ணீரிலேயே அவை சுற்றுவது தெரியும், ஒன்றும் செய்யாது. இதற்காகவே இந்த இடத்தைப் பார்க்கலாம் என்று மனசார சொல்லலாம்.

இப்போது கடிகாரத்துக்கு வருவோம். புக்கெட்டிலிருந்து ஃபி ஃபி லே கிட்டத்தட்ட 45 கிலோமீட்டர். கடல் அமைதியாக இருந்தால் ஸ்பீட் போட்டுக்கு 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். ஒன்பது மணிக்குக் கிளம்பும் போட்டுகள் எல்லாம் பத்து மணிக்கு லோ சமாவில் ஒன்றாகக் குவியும். மிதவைத் துறையில் ஒரே சமயத்தில் எட்டு போட் நிற்கத்தான் இடம் என்று விதி. மற்றவை வெளியே அலையில் ஆடிக்கொண்டு காத்திருக்கும். ஓடும் போட்டைவிட நின்றுகொண்டு ஆடும் போட்டில்தான் வாந்தி அதிகம் வரும். இறங்கிய பிறகு கைடு கையில் நாற்பது நிமிடம் கொடுப்பார். அதில் பத்து நிமிடம் நடைக்கும் ஐந்து நிமிடம் கழிப்பறைக்கும் போய்விடும். ஏழரை, எட்டு மணிக்கே வந்துவிடும் போட்டில் இந்தக் கஷ்டம் எதுவும் இல்லை. மணலில் நின்று ஒரு படம் எடுத்தால் உங்கள் குடும்பம் மட்டும் அதில் இருக்கும். விடியற்காலை டிரிப்புக்குச் சில நூறு பாட் கூடக் கேட்பார்கள், தயங்காமல் கொடுங்கள். மொத்த டிரிப்பிலும் கூடுதல் காசுக்கு உண்மையான பலன் கிடைப்பது இந்த ஒரு இடத்தில்தான்.

விடியற்காலைப் போட்டுக்கு ஒரு குறை உண்டு. வெயில் விரிகுடாவின் பாறையைத் தாண்டி மேலே ஏறாததால் தண்ணீர் அந்தப் பச்சை நிறத்தில் இருக்காது, சற்று மங்கலாகத் தெரியும். நிறம்தான் வேண்டும் என்பவர் கூட்டத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆகஸ்ட் 1 முதல் செப்டம்பர் 30 வரை ஒவ்வொரு வருஷமும் மாயா விரிகுடாவை ஓய்வுக்காக மூடிவிடுகிறார்கள். அந்த மாதங்களிலும் “மாயா பே” என்று சொல்லியே டிக்கெட் விற்கும் கவுன்ட்டர்கள் உண்டு. வெளியே கடலில் போட்டை நிறுத்தித் தூரத்திலிருந்து காட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

போட்டில் எங்கே உட்காருவது

இந்த வழித்தடத்தில் ஓடுபவை ஃபைபர் கிளாஸ் உடலும் பின்னால் இரண்டு அல்லது மூன்று அவுட்போர்டு எஞ்சினும் கொண்ட போட்டுகள். முன்பக்கம் திறந்த மெத்தை இருக்கை, நடுவில் கூரைக்குக் கீழே பெஞ்சு, பின்னால் எஞ்சினும் ஏணியும். எல்லோரும் முன்பக்கத்துக்கு ஓடுவார்கள், காற்றும் படமும் அங்கே நன்றாக இருக்கும் என்று. துறைமுகத்துக்குள் மெதுவாகப் போகும்வரை நன்றாகத்தான் இருக்கும்.

வெளிக்கடலில் வேகம் எடுத்ததும் போட்டின் மூக்கு அலைமேல் ஏறி, அலை நழுவியதும் தொப்பென்று விழும். பின்பக்கம் தண்ணீரோடு ஒட்டியே இருப்பதால் அங்கே அசைவு கம்மி. முன்பக்கம் ஒவ்வொரு அலைக்கும் ஓரடி, இரண்டடி தூக்கிப்போடும். உட்கார்ந்த நிலையில் நேராக மேலே போய் நேராகக் கீழே விழுந்தால் அடி முழுவதும் கீழ் முதுகெலும்பில் இறங்கும். ஸ்பீட் போட்டின் முன்பக்கம் உட்கார்ந்து முதுகெலும்பு நசுங்கி முறிந்தவர்கள் பல நாடுகளில் உண்டு, அதில் ஆரோக்கியமான நடுவயதுக்காரர்களும் உண்டு. முன்னால்தான் இடம் கிடைத்தது என்றால் பாதம் இரண்டையும் தரையில் பதித்து, முழங்காலை மடக்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, போட் எழும்பும்போது இடுப்பை மெத்தையிலிருந்து லேசாகத் தூக்கிக்கொள்ளுங்கள். கால் நீட்டி மெத்தையில் சாய்ந்திருப்பதுதான் மிக ஆபத்தான நிலை.

அப்படியானால் கடைசி வரிசையா என்றால் அங்கே பெட்ரோல் புகை. அலையைவிட அந்த வாடையே பலருக்குக் குமட்டலைக் கிளப்பிவிடும். போட்டின் நீளத்தில் முன்னாலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, கூரைக்குக் கீழே, ஓரத்தில் இருக்கும் இடம்தான் நல்லது. காற்று வரும், அடிவானம் கண்ணில் படும், தூக்கிப்போடாது. இடம் முன்பதிவு கிடையாது, முதலில் ஏறியவருக்கே. கைடு பெயர் கூப்பிடும்போது வரிசையின் முன்னால் இருங்கள்.

இரட்டை உடல் கொண்ட கட்டமரான் வகை வேகப் படகில் நடத்தும் டிரிப்புகளும் உண்டு. அடி பாதியாகக் குறையும், சிலவற்றில் கழிப்பறையும் இருக்கும். வயதானவர் கூட வந்தால் அதைக் கேட்டு வாங்குங்கள். சாதாரண ஸ்பீட் போட்டில் கழிப்பறையை எதிர்பார்க்க முடியாது. மரினா, லோ சமா, சாப்பாட்டு இடம் என்று மூன்று இடத்தில் போய்விட வேண்டும்.

வாந்தி மாத்திரையைத் துறையில் தட்டில் வைத்துக் கொடுப்பார்கள். அதை விழுங்கிவிட்டு ஐந்து நிமிடத்தில் போட் ஏறினால் மாத்திரை வேலை செய்யத் தொடங்கும்போது பாதிக் கடல் தாண்டியிருப்பீர்கள். கிளம்புவதற்கு அரைமணி முதல் ஒருமணி நேரம் முன்பே போடவேண்டும். தூக்கம் வரும் மாத்திரை என்பதையும், வேறு மருந்து சாப்பிடுகிறவர்கள் ஊரிலேயே டாக்டரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது என்பதையும் மறக்க வேண்டாம். வெறும் வயிற்றோடும் போகாதீர்கள், பூரி கிழங்கு அடித்துவிட்டும் போகாதீர்கள். இரண்டு பிரெட், ஒரு வாழைப்பழம் போதும்.

செருப்பை ஏறும்போதே கூடையில் வாங்கி வைத்துவிடுவார்கள், நாள் முழுக்க வெறுங்கால்தான். மாயாவின் மரப்பாதை பதினொரு மணிக்கு மேல் காலைச் சுடும். பவளத் துண்டு கலந்த மணல் குத்தும். பையில் ஒரு ரப்பர் கடல் ஷூ வைத்துக்கொண்டால் பிள்ளைகள் அழமாட்டார்கள்.

குழந்தைக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிய பிறகு தோள்பட்டையில் இரண்டு பட்டையையும் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது பெரிய அளவு. தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் மிதக்கும், பிள்ளை கீழே நழுவும். தொடைக்கு நடுவே போகும் பட்டை உள்ளதைக் கேளுங்கள். கிளம்பும் முன் கேட்டால்தான் மாற்றித் தருவார்கள், கடலுக்குள் போனபின் வேறு அளவு இருக்காது. அதிகபட்சப் பயணிகள் எண்ணிக்கை போட்டிலேயே எழுதியிருக்கும். எண்ணிப் பாருங்கள்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று, ஏறி இறங்கும் இடம். கடற்கரைகளில் போட் பின்பக்கத்தைக் கரைக்குக் காட்டித்தான் நிற்கும். ஏணி எஞ்சினுக்கு ஒட்டினாற்போல இருக்கும். எஞ்சின் நின்று, அதன் காற்றாடி (புரொப்பெல்லர்) தண்ணீருக்கு மேலே தூக்கப்பட்டது கண்ணால் தெரியும்வரை ஏணியில் கால் வைக்காதீர்கள், நீரில் இருந்தால் பின்பக்கம் நெருங்காதீர்கள். அலை போட்டைத் தூக்கும்போது ஏணியின் கீழ்ப்படி மேலே போகும், இறங்கும்போது காலில் இடிக்கும். போட் தாழும் நேரம் பார்த்துப் படியைப் பிடிப்பதுதான் முறை. ஊழியர் கை நீட்டினால் உள்ளங்கையைப் பிடிக்காமல் மணிக்கட்டைப் பிடியுங்கள், ஈரக் கை வழுக்கும்.

மற்ற இடங்கள்

பிலே லகூன் மாயாவைவிட அழகு என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. அதே தீவின் கிழக்குப் பக்கம், பாறைக்கு நடுவே குறுகிய வாசல், உள்ளே குளம் போல நீர். இங்கே இறங்கி நீந்தலாம். ஆனால் வாசல் ஆழமற்றது. நீர்வற்றும் நேரத்தில் ஸ்பீட் போட் உள்ளே போகமுடியாமல் வாசலிலேயே திரும்பிவிடும். அந்தமானின் இந்தப் பக்கம் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் வித்தியாசம் இரண்டு மீட்டரைத் தாண்டும். போகும் தேதிக்கு ஏற்ற வற்ற அட்டவணை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. காலை எட்டிலிருந்து பத்துக்குள் நீர் ஏறியிருக்கும் நாளாகப் பார்த்து டிக்கெட் போட்டால் பிலே நிச்சயம். இதை எந்தக் கவுன்ட்டரும் சொல்லமாட்டார்கள், ஏனென்றால் அவர்களுக்கு எல்லா நாளும் விற்பனை நாள்தான்.

வைக்கிங் குகை என்பது போட்டில் இருந்தபடி இரண்டு நிமிடம் பார்ப்பது. பறவைக் கூடு எடுக்க மூங்கில் சாரம் கட்டியிருக்கும், உள்ளே விடமாட்டார்கள். இதையும் குரங்குக் கடற்கரையையும் சேர்த்துத்தான் எட்டு இடம் என்று கணக்குக் காட்டுகிறார்கள். குரங்குக் கடற்கரையில் போட்டை நிறுத்தினாலும் இறங்காமல் இருப்பதே மேல். நண்டு தின்னும் நீளவால் குரங்குகள், பையைப் பார்த்தால் தாவும், பயந்து கையை உதறினால் கடிக்கும். கடித்தாலோ கீறினாலோ சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ரேபிஸ் ஊசியைத் தொடங்க வேண்டும். ஆட்கள் குடியிருக்கும் பெரிய தீவான ஃபி ஃபி டானில் சிறிய மருத்துவமனை இருக்கிறது. “சின்னக் கீறல்தானே, ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்” என்று விடக்கூடாத விஷயம் இது.

ஸ்நார்கெலிங் நிறுத்தத்தில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள், கறுப்புப் பட்டை மீன்கள் கூட்டமாக வரும், பார்க்க ஆசையாக இருக்கும். பவளம் சுமார்தான். 2024இல் கடல் சூடேறிப் பவளம் வெளுத்ததால் தாய்லாந்து பல கடல் பூங்காக்களில் சில இடங்களை மூடவேண்டி வந்தது. நல்ல பவளம்தான் நோக்கம் என்றால் சிமிலான் தீவுகளுக்குப் போங்கள். அது வேறு டிரிப், அக்டோபர் நடுவிலிருந்து மே நடுவரை மட்டும் திறப்பு. மீனைக் கூட்டி வர ரொட்டி போடும் கைடுகள் இன்னும் உண்டு. பூங்காவில் அது தடை; உங்கள் கையில் ரொட்டி கொடுத்தால் வாங்காதீர்கள்.

மீசை வைத்தவர்களுக்கு ஒரு குறிப்பு. மாஸ்க்கின் கீழ் விளிம்பு மீசைமேல் உட்காருவதால் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். மூக்குக்குக் கீழே மீசையில் கொஞ்சம் வாசலின் தடவினால் கசிவு நிற்கும். பெண்கள் நெற்றி முடியை மாஸ்க்குக்கு வெளியே ஒதுக்கவேண்டும், ஒரு முடி உள்ளே போனாலும் நீர் வரும். கண்ணாடி போட்டவர் மாஸ்க்குக்குள் கண்ணாடி போட முடியாது. பவர் வைத்த மாஸ்க் ஒன்று சொந்தமாக வாங்கிக்கொள்வது மேல். காலை ஊன்றி நிற்காதீர்கள், நீள முள் கொண்ட கறுப்புக் கடல் முள்ளெலிகள் பாறையிடுக்கில் கிடக்கின்றன.

மதியச் சாப்பாடு பெரும்பாலும் ஃபி ஃபி டானில் டான்சாய் படகுத்துறைப் பக்கம். சாதம், கோழி, வதக்கிய காய்கறி, ஸ்பகெட்டி, பிரெஞ்சு ஃப்ரை, தர்ப்பூசணி, அன்னாசி. தீவில் குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் என்பதால் ஹலால் சாப்பாட்டுக்கு அலைய வேண்டியதில்லை. சைவம்தான் சிக்கல். வதக்கிய காயிலும் மீன் சாறோ சிப்பிச் சாறோ விழுந்திருக்கும். “வெஜிடேரியன்” என்று சொன்னால் கறித்துண்டை ஒதுக்கிக் கொடுப்பார்கள். “ஜே” என்று சொல்லுங்கள். தாய் மொழியில் மீன் சாறும் இல்லாத சுத்த சைவத்துக்கு அதுதான் சொல். பதிவு செய்யும்போதே இதை எழுதிவைத்தால் தனித்தட்டு வரும். நம்பிக்கை இல்லாதவர்கள் சப்பாத்தி சுருட்டியோ புளியோதரையோ எடுத்துப்போகலாம்.

கடைசி நிறுத்தம் டிரிப்புக்கு டிரிப் மாறும்: மூங்கில் தீவு அல்லது காய் தீவுகள். மூங்கில் தீவு ஃபி ஃபி டானுக்கு வடக்கே, அதே பூங்காவுக்குள். வெள்ளை மணல், மர நிழல், நீந்தத் தடையில்லை. காய் தீவுகள் புக்கெட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் கம்பெனிக்குப் பெட்ரோல் மிச்சம், அவ்வளவுதான். வரிசையாகச் சாய்வு நாற்காலி, அதற்கு வாடகை. இரண்டில் தேர்வு இருந்தால் மூங்கில் தீவு உள்ள டிரிப்பையே வாங்குங்கள்.

கடலும் காலமும்

நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை இந்தப் பக்கக் கடல் படுத்திருக்கும். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மிகச் சிறப்பு. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. நம் கோடை விடுமுறையின் பிற்பாதி இதில்தான் விழுகிறது. அப்போது டிரிப் நடக்காது என்பதில்லை, பாதி நாட்கள் நன்றாகவே இருக்கும். ஆனால் தங்கும் நாட்களில் முதல் நாளிலேயே இதை வையுங்கள். ரத்தானால் மறுநாளுக்கு மாற்ற இடம் இருக்கும். கடைசி நாளில் வைத்தவர்தான் கெஞ்சிக்கொண்டு நிற்கிறார்.

அலை இரண்டு மீட்டரைத் தாண்டும் என்று வானிலைத் துறை சொன்னால் சிறு படகுகளைக் கரையில் நிறுத்தச் சொல்வார்கள். 2018 ஜூலை 5 அன்று புக்கெட் அருகே புயலில் சுற்றுலாப் படகு ஒன்று கவிழ்ந்து 47 பேர் இறந்தார்கள். வானிலை எச்சரிக்கை அதற்கு முன்பே வந்திருந்தது. அதனால் கம்பெனி ரத்து செய்தால் சண்டை போடாதீர்கள். துறை மூடப்பட்டால் முழுப் பணம் திரும்பும் என்ற வரி ரசீதில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். “வானிலையைப் பொறுத்து இடங்கள் மாறலாம்” என்று ஒரு வரியும் கூடவே இருக்கும். அதன்படி மாயாவை விட்டுவிட்டு வேறு தீவுக்குக் கூட்டிப்போனால் ஒரு பாட்கூடத் திரும்பாது.

பொதுவாக காலையில் காற்று குறைவு, பிற்பகலில் ஏறும். திரும்பும் பயணம் பெரும்பாலும் வந்ததைவிடக் குலுக்கும். காலையில் முன்பக்கம் உட்கார்ந்து தப்பித்தவர்களும் திரும்பும்போது பின்னால் வந்துவிட வேண்டும்.

யாருக்கு வேண்டாம்

கர்ப்பிணிகள், முதுகு அல்லது கழுத்து வலி உள்ளவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், எலும்பு தேய்ந்த பாட்டி தாத்தா, கைக்குழந்தை: இவர்களை ஸ்பீட் போட்டில் ஏற்ற வேண்டாம். கம்பெனிகளும் கர்ப்பிணியை ஏற்றுவதில்லை. மறைத்து ஏறினால் காப்பீடும் போச்சு. இவர்களுக்குப் புக்கெட்டின் ரஸ்ஸாடா துறையிலிருந்து பெரிய ஃபெர்ரி இருக்கிறது. இரண்டு மணி நேரம் ஆகும், மலிவு, ஏசி, கழிப்பறை எல்லாம் உண்டு. டான்சாயில் இறங்கி நீளவால் படகை (லாங்டெயில் எனப்படும் உள்ளூர் மரப்படகை) வாடகைக்குப் பேசினால் ஃபி ஃபி லேயைச் சுற்றிக் காட்டுவார்கள். விலை ஆளுக்கு இல்லை, படகுக்கு. அதனால் நாலைந்து பேருக்குக் கட்டுப்படியாகும். ஓர் இரவு டானிலேயே தங்க முடிந்தால் இன்னும் நல்லது. விடிந்ததும் நீளவால் படகில் கிளம்பினால் புக்கெட்டின் எந்த விடியற்காலைப் போட்டுக்கும் முன்பே மாயாவில் நிற்கலாம். எதிர்க்கரையில் கிராபியில் தங்குபவர்கள் அங்குள்ள ஆவ் நாங் கடற்கரைப் பக்கத்திலிருந்து இதே டிரிப்பை எடுத்தால் கடல் தூரம் குறைவு, புக்கெட் டிரிப்பைவிட உடம்புக்கு அலுப்பு கம்மி.

பையில் வைக்கவேண்டியவை அதிகமில்லை. மாற்று உடை, துண்டு, தண்ணீர் புகாத பை, சில்லறை பாட். டான்சாய் துறையில் ஆளுக்கு 20 பாட் வாங்குவார்கள், கழிப்பறைக்கும் சில்லறை கேட்பார்கள். பருத்திச் சட்டை, ஜீன்ஸ், துப்பட்டா கடலில் கனக்கும், ஏணியில் மாட்டும். முழுக்கை நீச்சல் சட்டையும் லெகிங்ஸும் வெயிலையும் தடுக்கும். போன் பையை வாங்கியதும் உள்ளே ஒரு டிஷ்யூ வைத்து மூடி, பத்து நிமிடம் வாளித் தண்ணீரில் அழுத்தி வைத்துப் பாருங்கள். டிஷ்யூ நனையாவிட்டால்தான் போனை உள்ளே வைக்கலாம்.

சன்ஸ்கிரீனைப் பார்த்து வாங்க வேண்டும். ஆக்ஸிபென்ஸோன், ஆக்டினாக்ஸேட், பியூட்டைல்பாரபென், 4-மெத்தில்பென்ஸிலிடின் கேம்ஃபர் ஆகிய நான்கில் ஒன்று கலந்திருந்தாலும் அதைத் தாய்லாந்தின் தேசியப் பூங்காக்களில் பயன்படுத்த 2021 ஆகஸ்டிலிருந்து தடை. ஒரு லட்சம் பாட் வரை அபராதம் போடலாம். நம் கடைகளில் விற்கும் பல டியூப்களில் முதல் இரண்டும் உண்டு. ஜிங்க் ஆக்ஸைடு உள்ளதாக ஊரிலேயே பார்த்து வாங்கி, போட் ஏறுவதற்கு இருபது நிமிடம் முன்பு பூசிக்கொள்ளுங்கள். காதின் பின்புறத்தையும் பாதத்தின் மேல்புறத்தையும் விட்டுவிடாதீர்கள். வெறுங்காலோடு திரியும் நாளில் முதலில் உரிவது அந்தத் தோல்தான்.